ஐந்தரை அடி உயரத்தில் ஒரு தேசம்

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு துணிச்சல் வராது. 'நாம்' என்ற ஓவியக் கண்காட்சியை நான் ஏற்பாடு செய்தது நாட்டைப் பற்றி யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதால் அல்ல. என் ஓவியத்தை மூன்று கண்காட்சிகளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னை வேண்டாம் என்று சொல்லவே முடியாத கண்காட்சி எது? நானே நடத்துவது. அவ்வளவுதான் விஷயம்.

நூலக மாடிக் கூடத்தைக் கேட்டு எழுதிய கடிதத்தில் மட்டும் 'தேசிய அடையாளம்' என்று ஏழு இடத்தில் போட்டிருந்தேன். ஏழில் இரண்டு இடத்தில் மட்டும்தான் என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே தெரியும்.

எட்டு ஓவியர்களைப் பிடித்தேன். ஒன்பதாவது ஆள் நான். என் ஓவியத்தின் பெயர் 'எல்லோரும்'. ஐந்தடி உயரம், எட்டடி அகலம், நாட்டு மக்கள் நூற்றுப் பதினாறு பேர், முகம் முகமாக. ஒன்றரை வருட வேலை. வீட்டில் அதைச் சாய்த்து வைத்திருந்த இடத்தில்தான் முன்பு எங்கள் சாப்பாட்டு மேசை இருந்தது.

அவ்வளவு பெரிய ஓவியம் கூடத்தில் ஒரே ஒரு சுவரில்தான் பொருந்தும். மற்ற மூன்றிலும் இடையிடையே ஜன்னல். அந்த ஒரு சுவரிலும் அடியில் மூன்றடி உயரத்துக்குப் புத்தக அலமாரி, சுவரோடு சேர்த்தே கட்டியது. அதற்கு மேலே மாட்டினேன். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தரை அடியில் வந்தது.

படத்தின் நடு, பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். இது இந்தத் தொழிலின் பாலபாடம். ஓடிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்று, பென்சிலால் என் கண் உயரத்தைக் குறித்தேன். ஐந்தரை அடி! இயற்கையே ஒத்துக்கொண்ட பிறகு என்ன யோசனை? மற்ற எட்டுப் பேரின் படங்களையும், மேலேயிருந்து தொங்கும் கம்பிகளைச் சுருக்கிச் சுருக்கி, அதே கோட்டுக்கு ஏற்றிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கொடிக்கம்பம்' என்று கூப்பிட்டார்களே, அது ஏன் என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் திறப்பு. மதியம் பன்னிரண்டுக்குத் தங்கச்சி வந்தாள். போட்டோ ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள். நின்றால் என் தோளுக்குக் கீழே இருப்பாள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏன்க்கா, எல்லாருமே ட்யூப் லைட்டையே வரைஞ்சிருக்காங்க?"

"எங்கடி ட்யூப் லைட்?"

"இதோ இதுல ஒண்ணு. அதுல ரெண்டு."

அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். கண்ணாடி போட்ட படங்கள் எல்லாவற்றிலும் கூரை விளக்கு விழுந்து பளீரென்று வெள்ளைக் கோடு. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"உன்னோடது மட்டும் தெரியுது. கண்ணாடி இல்லல்ல" என்றாள். அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆனா எல்லாருக்கும் ஏன் உன் மூக்கு?"

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். இந்த போலீஸ்காரருக்கு. இந்த நர்ஸுக்கு. ஐயோ, இந்தக் கைக்குழந்தைக்குக் கூட!"

வரைய ஆள் கிடைக்காமல் ஒன்றரை வருடம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தே வரைந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அப்போது தபால்காரர் வந்தார். இது அவருடைய முதல் கண்காட்சி. தினமும் தபால் கொடுக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் கதவுகளை, ஒவ்வொன்றும் தபால்தலை அளவில் வரைந்திருந்தார். 'நாட்டு மக்களை எனக்குத் தெரியாதும்மா, கதவைத்தான் தெரியும்' என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது தன் படத்தின் முன்னால் குதிகாலைத் தூக்கி நின்றார். இறங்கினார். மறுபடியும் தூக்கினார்.

"நல்லாருக்கும்மா. கொஞ்சம் மேல இருக்கு, பரவால்ல. வீட்டம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு வராங்க. அவங்க என்னை விடக் குள்ளம். எது எந்தக் கதவுன்னு நான் பக்கத்துல நின்னு சொல்லிடறேன்."

மனசாட்சி உள்ளவர்கள் அந்த இடத்தில் கம்பியை இறக்கியிருப்பார்கள். நான் கணக்குப் போட்டேன். எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால் கோடு முக்கால் அடி கீழே வர வேண்டும். என் ஓவியம் ஒரு விரல் கூடக் கீழே வராது, அலமாரி இடிக்கும். ஆகவே தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஸ்டுடியோ ஸ்டூலை எடுத்துட்டு வாயேன்" என்றேன்.

"ஏன்?"

"ஏறி நின்னு பாக்கட்டும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாங்க ஆளுக்குத் தகுந்த மாதிரி ஸ்டூலை ஏத்தி இறக்குவோம். நீ ஊரையே ஏத்தி இறக்கப் பாக்கற." ஆனாலும் போய் எடுத்துவந்தாள். தங்கச்சி என்றால் அப்படித்தான்.

சுழலும் ஸ்டூல் அது. தபால்காரர் மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கதவுகளைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டூல் மெல்லத் திரும்பியது. சிரித்த முகத்தோடு ஜன்னலைப் பார்த்தார், பிறகு தீயணைக்கும் சிலிண்டரைப் பார்த்தார், கடைசியில் என் நூற்றுப் பதினாறு மூக்குகளுக்கு எதிரே வந்து நின்றார். "யாராவது பிடிங்கம்மா!" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் டீச்சர். பள்ளியில் ஓவியம் சொல்லித்தருபவர், எட்டுப் பேரில் ஒருவர். ஸ்டூலைப் பார்த்தார், தபால்காரரைப் பார்த்தார், தன் படத்தின் மேல் கிடந்த ட்யூப் லைட்டைப் பார்த்தார்.

"என்ன இது, நாட்டு மக்கள் வரிசையா ஏறி இறங்கணுமா?"

"இல்ல டீச்சர், இப்ப இறக்கிடலாம்" என்றேன் அவசரமாக. "எல்லாரோடதையும் இறக்கிடலாம். என்னோடது மட்டும் அங்கயே இருக்கட்டும், அது இறங்காது."

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

"அப்ப நாங்க எட்டுப் பேர் கீழ. நீ மட்டும் மேல. வெளியில போர்டுல 'நாம்'னு எழுதியிருக்கு."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற தங்கச்சி கூடச் சிரிக்கவில்லை. தபால்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார்.

"கழட்டிடலாம்" என்றேன்.

"ஏய், நான் அப்படிச் சொல்லல" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர். அந்தப் பக்கம் பிடிங்க, கனமா இருக்கும்."

நாலு பேர் பிடித்து இறக்கினோம். கிடங்குச் சாவியோடு நூலகர் எங்கேயோ போயிருந்ததால், கழிப்பறைக்குப் போகும் நடையில் தரையில் வைத்துச் சுவரில் சாய்த்தோம். பிறகு எட்டுப் பேரின் கம்பிகளையும் முக்கால் அடி இறக்கினோம். அச்சடித்து வந்த அறுபது பட்டியல் தாள்களிலும் என் ஓவியமான ஐந்தாம் எண்ணை நானே பேனாவால் அடித்தேன். பக்கத்தில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதட்டுமா என்று கேட்டேன். "மூக்கு காரணமாகன்னு போடு" என்றாள் தங்கச்சி. அப்பாடா, திரும்பி வந்துவிட்டாள்.

ஐந்து மணிக்குக் கூட்டம் வந்தது. தபால்காரரின் மனைவி கைப்பையோடு நேராகக் கதவுகளின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியில் விளக்கு விழவில்லை. ஒவ்வொரு கதவாகப் பார்த்து முடித்தார்.

"நம்ம வீட்டுக் கதவு எங்க?"

"நம்ம வீட்டுக்கு நான் தபால் குடுக்கறதில்லையே."

"ஒரு தடவையாவது குடுத்திருந்தா என்னவாம்?"

பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுச் சிரித்தேன். பெருந்தன்மையாக இருந்தது போலத் தெரியலாம். அப்படியெல்லாம் இல்லை. இந்த ஏற்பாடு முழுவதும் எந்த ஒரு படத்துக்காகவோ, அது கழிப்பறைப் பக்கம் தரையில் இருக்கிறதே என்று வயிறு எரிந்துகொண்டிருந்தது. நாலு பேர் ஐந்தாம் எண் எங்கே என்று கேட்டார்கள். நாலு பேருக்கும் நாலு பொய் சொன்னேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் நடைக்குப் போனேன். கழிப்பறைக்கு ஆறு பேர் வரிசை. வேறு வேலை இல்லாததால் ஆறு பேரும் என் ஓவியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் இருந்ததால் மேல் வரிசை முகங்கள் அவர்கள் முகத்துக்கு நேராக இருந்தன.

வரிசையில் முதலில் நின்ற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "இவங்கெல்லாம் ஒரே குடும்பமா?"

"இல்லைங்க. நாட்டு மக்கள்."

"அப்ப ஏன் எல்லாருக்கும்..." என்று கேட்டபடி அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பார்வை என் மூக்கிலேயே நின்றது. வரிசையில் இருந்த மற்ற ஐந்து பேரும் திரும்பினார்கள்.

கழிப்பறைக் கதவு திறந்தது. அவர் முறை.

"நல்ல மூக்குதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஒன்றரை வருட உழைப்புக்கு இதுவரை வந்திருக்கும் ஒரே விமர்சனம் அதுதான்.