கறை போன கனவு

காலை ஐந்தரைக்கெல்லாம் கையுறை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கத் தொடங்கிவிடுவேன். படுக்கை விரிப்புகளில் என்னென்ன இருக்கும் என்று சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. பல்செட் கிடைத்திருக்கிறது. பாதி தின்ற பிஸ்கட் கிடைத்திருக்கிறது. மற்றதைச் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான், கனவம்மாவின் குரல்.

தேன் தடவிய குரல். கனவுக்குப் பலன் சொல்கிற அந்தம்மாள் தினமும் ஃபோனில் பேசிப் பதிவுசெய்து தன் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவாள். கனவு என்பது ஆத்மா எழுதும் கடிதமாம். கண் விழித்ததும் புரளக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, வலது கையை நெஞ்சில் வைத்துவிட்டுக் கண்டதை நோட்டில் எழுத வேண்டும். நேரமில்லாதவர்களுக்கு ‘வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஏழு நிமிடக் கனவு நோட்டு’ என்று தனி ஏற்பாடு. என்னை அதில் சேர்த்துவிட்டது என் அக்கா.

அக்கா எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். என்னை வளர்த்து ஆளாக்கியவள், அவள் பேச்சை என்னால் தட்ட முடியாது. அவளுக்கு வயிற்றில் கட்டி. இருபதாம் தேதி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டால் “சும்மா லேசா” என்பாள். கத்தி என்றால் அவளுக்கு நடுக்கம். அந்த நடுக்கத்தில்தான் கனவம்மா கடை விரித்தாள்.

“ரெண்டு வரி எழுதேன்டி, எனக்காக.”

ஏழு நிமிடமாம்! காலையில் கழிப்பறைக்கே எனக்கு நான்கு நிமிடம்தான். முதல் வாரம் பல் தேய்த்துக்கொண்டே எழுதினேன், நோட்டெல்லாம் நுரையும் எச்சிலும். அப்புறம் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நிற்பவரின் அக்குளுக்குக் கீழே எழுதினேன். நான் கிளம்பும்போது மாடி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ‘நோட்டு எழுத ஆரம்பிச்சுட்டா, ஆத்மா லெட்டர் போட்டுடுச்சு’ என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டுவேன்.

கடைசியில் புளுக ஆரம்பித்தேன். ஒவ்வொரு மூட்டையோடும் வார்டு எண் எழுதிய சீட்டு ஒன்று வரும். இயந்திரம் ஓடும் நேரத்தில் அதன் பின்பக்கத்தில் வாய்க்கு வந்ததை எழுதி, படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுவேன். உடனே பூக்களும் கூப்பிய கைகளும் வந்து விழும். மூட்டை நாற்றத்துக்குக் குமட்டாத எனக்கு அதைப் பார்த்தால் குமட்டும்.

பதினைந்தாம் தேதி, இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் ஒரு விரிப்பு சுழன்றுகொண்டிருந்தது. அதையே எழுதினேன். ‘வெள்ளைத் துணியில் பெரிய கறை. தண்ணீர் சுழன்றது, கறை கரைந்து போனது. அக்கா அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு சிரித்தாள்.’ சீட்டில் இடம் மிச்சமிருந்ததால்தான் அக்காவைச் சேர்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நிற்கிறாள், வாயெல்லாம் பல்.

“ஆபரேஷன் வேணாம்னு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிட்டேன்டி. கறைன்னா என் கட்டிதானாம், அது கரைஞ்சிட்டிருக்காம். கனவம்மாவே சொல்லிட்டாங்க. கூடப் பிறந்தவ கண்ட கனவு பொய்க்காதாம்.”

“அக்கா, அது கனவே இல்ல, வாஷிங் மெஷின்! எதிர்ல ஓடிட்டிருந்ததைப் பார்த்து எழுதினேன். நான் அனுப்பினது எல்லாமே புளுகு.”

அவள் முகம் சுருங்கியது. கனவம்மாவிடம் கேட்டாள். பத்து நிமிடத்தில் தேன் வழிந்தது. “பொய்னு நினைச்சு எழுதினாலும், கையைப் பிடிச்சு எழுதவச்சது ஆத்மாதாம்மா. இப்ப சந்தேகப்படுறீங்க பாருங்க, அதுதான் உடம்புக்கு ஆகாது.”

சீ! பொய்தான் என்று பொய் சொன்னவளே ஒப்புக்கொண்ட பிறகும் அதை விடாமல் பிடித்துத் தொங்குகிற ஜன்மம். ரத்தமும் சீழும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். இதை எதைப் போட்டுக் கழுவுவது?

இரண்டு நாள் கெஞ்சினேன், கத்தினேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளாமல் சீருடைச் சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாம் தேதி மறுபடியும் ஒரு சீட்டை எடுத்தேன். எத்தனை அலசியும் கறை போகாத விரிப்பை நாங்கள் வெட்டிவிடுவோம். கறைத் துண்டு குப்பைக்கு, நல்ல துண்டு தலையணை உறைக்கு. அதை எழுதினேன். ‘அதே துணி. கறை திரும்பி வந்துவிட்டது. எவ்வளவு அலசியும் போகவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கத்தரியால் அதை மட்டும் வெட்டி எடுத்தார். மீதியைப் போர்த்திக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தாள்.’ எழுதும்போது கை கூசியது. அந்தம்மாவின் தொழிலை நானும் செய்தேன், அதுவும் அவளைவிட நேர்த்தியாக. என்மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

கனவம்மாவுக்கு எல்லாக் கனவுக்கும் கைவசம் ஒரு அர்த்தம் உண்டு. “ஆத்மா வழியைத் திறந்துடுச்சு, தைரியமாப் போங்க” என்றாள். அக்கா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். நல்லவேளை, அந்தத் தேதியை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

இருபதாம் தேதி காலை, நான் வெளுத்த விரிப்பின் மேலேயே படுத்திருந்தாள் அக்கா. உள்ளே கொண்டுபோகுமுன் தலையணைக்கடியிலிருந்து தன் கனவு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“பத்திரமா வச்சிரு.”

புரட்டினேன். பஸ்ஸில் எழுதியது, பல் தேய்த்துக்கொண்டு எழுதியது, சீட்டின் பின்னால் புளுகியது, எல்லாம் அவளுடைய உருண்டை எழுத்தில் வரிசையாக இருந்தன. முழுக்க என்னுடையவை. அவளுடையது ஒன்றுகூட இல்லை.

“உன் கனவெல்லாம் எங்கக்கா?”

“எனக்கு ஏதுடி கனவு? அதனாலதானே உன்னை எழுதச் சொன்னேன்.”

“ஒண்ணுகூடவா வரல?”

“கனவு வரணும்னா தூங்கணுமில்ல? நாலு மாசமா வலியில கண்ணு மூடல. விளக்கைப் போட்டுக்கிட்டு விடியுற வரைக்கும் உக்காந்திருப்பேன்.”

தள்ளுவண்டி நகர்ந்தது. நாலு மாதமாக அந்த விளக்கைத் தினமும் பார்த்தவள் நான்தான். ஒருநாள்கூடப் படியேறிப் போய் ஏன் எரிகிறது என்று கேட்கவில்லை.