தமடாவும் தண்ணீர்க் கூஜாவும்

ஒயினை உலகுக்குக் கொடுத்தது ஜார்ஜியா. அப்படிப் பிறந்த ஒயின், தன்னைத் தாங்கக்கூடிய ஒரு மனிதனைத் தேடிப் பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்து, கடைசியில் குத்தாயிசி நகரக் கல்லூரியின் நிலவியல் துறையில், மூன்றாம் ஆண்டில், ஷல்வாவைக் கண்டடைந்தது. துறையில் இந்த வரலாற்று உண்மையை அறியாதவர் கிடையாது. ஷல்வாவே எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தான்.

விருந்து என்றால் அவன்தான் தமடா. மேசையின் தலைமாட்டில் நின்று வாழ்த்துச் சொல்கிறவன். அவன் வாழ்த்தி முடிக்கும்வரை ஒருவரும் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முடித்துவிட்டால் குடிக்காமல் இருக்கக் கூடாது. ஷல்வாவின் வாழ்த்துகள் சின்னச் சின்னதாக, சுறுசுறுப்பாக வரும். ஆகவே அவன் விருந்துகள் சீக்கிரம் சூடு பிடிக்கும். மேசையில் அவன் உதட்டில் தண்ணீர் பட்டதே இல்லை என்பது இன்னொரு வரலாற்று உண்மை.

தேர்வுகள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ரியோனி ஆற்றங்கரை வால்நட் தோப்பில் துறை விருந்து. துறைத் தலைவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஒரு ஆளாவது குடிக்காமல் இருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெக்லா தானாகவே கையைத் தூக்கினாள். நல்ல ஒயின் ஊற்றியிருக்கும் விருந்தில் ஒரு பெண் இப்படிச் செய்வதை ஷல்வா ஏதோ காய்ச்சலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டான்.

"என்னடி அது கையில?"

"கூஜா."

"உள்ள?"

"தண்ணி."

ஷல்வா துக்க வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி தொப்பியைக் கழற்றினான். "கேட்டீங்களாடா? பக்கத்துல ஆறு ஓடுது, அது பத்தலையாம். தண்ணி அத்தை கூஜாவத் தூக்கிட்டு வந்திருக்கா."

"சிரிச்சுக்கோ," என்றாள் தெக்லா. "சிரிக்கிறதுக்கு நடுவுல ஒரு டம்ளர் குடி."

"தண்ணி செடிக்கு, தெக்லா. நான் என்ன செடியா?"

"செடின்னா கொஞ்சமாவது புரிஞ்சுக்கும்."

தோப்பே சிரித்தது. ஷல்வாவின் அறைத்தோழன் ரெஸோதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தான், வழக்கம்போல் சத்தமே வராமல். மூன்று மாதமாக ராத்திரி பகல் பார்க்காமல் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்து, ஷல்வாவைக் கனிமவியலில் தேறவைத்தவன் அவன். அதற்கு முன்னால் பாறைகளில் ஷல்வாவுக்குத் தெரிந்தது ஒரே வகை: உட்காரத் தோதானது.

அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று ஷல்வா யோசிக்கவே இல்லை. ஒரு தமடாவுக்கு நன்றி சொல்ல ஒரே வழிதான் உண்டு. பாதி வாழ்த்தில் நிறுத்தி, "அலவெர்தி, ரெஸோவுக்கு!" என்று கூவினான். அப்படிக் கூவினால் மீதி வாழ்த்தை அந்த ஆள் எழுந்து சொல்ல வேண்டும். சொன்னதும் ஆட்டுக் கொம்பு நிறைய ஒயின் அவன் கைக்கு வரும். கொம்புக்கு அடிப்பாகம் கிடையாது, கீழே வைக்க முடியாது. காலி செய்துதான் ஆக வேண்டும்.

ரெஸோ காலி செய்தான். கூச்சக்காரன், மறுக்கத் தெரியாது. அடுத்த வாழ்த்தும் அவனுக்கே போனது. அதற்கடுத்ததும். நடுவில் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த திராட்சைச் சாராயத்தையும் கொம்பில் கலந்துவிட்டார்கள்.

தெக்லா வந்து ஷல்வாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. விடு."

"மரியாதை பண்றேன்டி. நடுவுல நீ யாரு?"

"மரியாதைய ரொட்டியில பண்ணேன்."

"ரொட்டியில மரியாதை பண்ண நான் என்ன பேக்கரியா?"

இதற்கும் தோப்பு சிரித்தது. ரெஸோ சிரிக்கவில்லை. எழுந்து, மிகவும் கவனமாக நடந்து, ஒரு வால்நட் மரத்தடியில் மல்லாந்து படுத்தான். வெயில் படாமல் இருக்க ஷல்வா தன் தொப்பியை அவன் முகத்தில் வைத்துவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் செய்ததிலேயே அக்கறையான காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டான். ரெஸோ குறட்டை விட்டான். மேசையில் இருந்தவர்கள் அதற்குச் சுருதி சேர்த்துப் பாடினார்கள்.

பாட்டின் நடுவில் தெக்லாவின் குரல் வந்தது.

"ஷல்வா, இங்க வா."

"வாழ்த்து பாதியில நிக்குது."

"வாடான்னா!"

அவள் தொப்பியை எடுத்திருந்தாள். ரெஸோவின் உதடு வெளுத்திருந்தது. அவள் அவன் தோளைக் குலுக்கினாள், காதில் கத்தினாள், விரல் நகத்தை அழுத்திப் பார்த்தாள். அவன் அசையவில்லை. மூச்சு வந்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி வந்தது. இவர்கள் சுருதி சேர்த்தது குறட்டையோடு இல்லை. தொண்டைக்குள் எதுவோ கொழகொழத்துக்கொண்டிருந்தது.

"முட்டிய மடக்கு. என் பக்கமா உருட்டு. மெதுவா, தலையப் பிடிச்சுக்கோ!"

ஒருக்களித்ததுதான் தாமதம், ரெஸோவின் வாயிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. தெக்லா விரலால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, கையை மடித்துக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தாள். மறு கையால் போனை எடுத்தாள்.

"யாருக்குப் போன்?" என்றான் ஷல்வா.

"ஆம்புலன்ஸுக்கு."

"ஏய், வேணாம். துறைத் தலைவருக்குத் தெரிஞ்சா இனிமே விருந்தே கிடையாது. ஆத்துல முக்கி எடுத்தா தெளிஞ்சுடுவான்."

தெக்லா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "விருந்து வேணுமா, ரெஸோ வேணுமா?"

ஷல்வா மண்டியிட்டு உட்கார்ந்து, ரெஸோ திரும்ப மல்லாந்துவிடாமல் தன் தொடையால் முதுகுக்கு முட்டுக் கொடுத்தான். முகத்துக்கு அருகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். ஒவ்வொரு மூச்சும் கையில் பட்டபோதுதான் அவனும் மூச்சு விட்டான். மேசையிலிருந்து ஒருவன், "தமடா, கோப்பையெல்லாம் காத்திருக்கு!" என்று கத்தினான். "மூடுடா," என்றான் ஷல்வா. அவன் சொன்னதிலேயே மிகச் சிறிய வாழ்த்து அது.

ஆம்புலன்ஸில் வந்த அம்மாள் ரெஸோவின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தபடி கேட்டாள்: "ஒருக்களிச்சுப் படுக்க வச்சது யாரு?"

ஷல்வா கூஜாவைப் பிடித்திருந்தவளைக் காட்டினான்.

"மல்லாக்க இருந்திருந்தா நான் வந்து புண்ணியமில்ல," என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரெஸோ சூப் குடித்தான். மூக்கில் குழாயோடு, "கனிமவியல் ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டான். ஷல்வா வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தான். தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னான், இரண்டு கண்ணிலும்.

துறைத் தலைவர் கத்த வேண்டியதைக் கத்தித் தீர்த்தார். உடனே போன் செய்ததால்தான் அடுத்த விருந்துக்கு அனுமதி என்றும் சொன்னார்.

அக்டோபரில், புது ஒயின் வந்த சமயம், முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு. அதே தோப்பு. தமடா ஷல்வாதான். ஆனால் கொம்பைக் காணோம். ஓட்டை விழுந்துவிட்டது என்றான். ஓட்டையை யாரும் பார்க்கவில்லை.

வாழ்த்து முடியும்வரை குடிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். வாழ்த்து எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று வழக்கத்தில் எங்கும் சொல்லவில்லை. ஷல்வா மலைகளை வாழ்த்தினான். ஒவ்வொரு மலையாக வாழ்த்தினான். ஒவ்வொன்றும் என்ன பாறை, எப்படி உண்டானது என்று விளக்கி வாழ்த்தினான். ரெஸோ மட்டும் பரவசத்தோடு தலையாட்டினான்.

"தமடா, கை வலிக்குது!"

"கீழ வை. ரொட்டி எடுத்துச் சாப்பிடு, அந்தக் கோழியையும் முடி. இன்னும் காக்கசஸ் மலையில பாதிதான் வந்திருக்கோம்."

சட்டிகள் காலியாயின. ஒயின் ஜாடிகள் அப்படியே இருந்தன. பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். மேசை பெருமூச்சு விட்டது.

"தெக்லா," என்றான். "ரெஸோ இதோ உக்காந்து என் பங்கு வால்நட்டையும் சேர்த்துத் திங்கறான். அவ்வளவுதான். நன்றி."

அவன் முடித்துவிட்டான் என்பதே யாருக்கும் உறைக்கவில்லை. தெக்லா கூஜாவோடு எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அடுத்தத நீளமா சொல்லு," என்றாள்.

அப்போது முதலாண்டுப் பையன் ஒருவன் மேசையிலிருந்து நழுவி, மரத்தடிக்குப் போய் மல்லாந்து படுப்பதை ஷல்வா பார்த்தான்.

"அலவெர்தி, தெக்லாவுக்கு!" என்று கூவிவிட்டு, அவள் கையிலிருந்த கூஜாவை வாங்கிக்கொண்டு நடந்தான்.

மண்டியிட்டுப் பையனின் முட்டியை மடக்கி, உருட்டி, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தான்.

"அண்ணே, நான் குடிக்கவே இல்ல," என்றான் பையன். "நீங்க இன்னும் எங்க முடிச்சீங்க? ரொட்டிதான் ஜாஸ்தியாயிடுச்சு. சும்மா படுத்திருக்கேன்."

"சரி. ஒருக்களிச்சே சும்மா படு."

மேசையில் தெக்லா மீதி மலைகளை நிதானமாக வாழ்த்திக்கொண்டிருந்தாள். ஷல்வா இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். ஒன்றைப் பையனிடம் நீட்டினான். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மற்றதைத் தான் குடித்தான்.