டொலமைட் போட்ட கிணறு

என் மகள் பிரியந்திக்கு வயது இருபத்தொன்பது. இதுவரை இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, தேத்தண்ணி குடித்து, "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். குறை என் பிள்ளையிடம் இல்லை, எங்கள் கிணற்றில்தான் என்று சத்தியம் பண்ணுவேன். மழை பெய்தால் மேல்மலை மண்ணெல்லாம் அதற்குள்தான் வந்து இறங்கும். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் எவனுக்கு மறுபடி வரத் தோன்றும்?

மூன்றாவதாக வருகிறவர்கள் திம்புள்ளப் பக்கம். மாப்பிள்ளையின் அப்பா சின்னராசா டீமேக்கர். முப்பது வருடமாகத் தேயிலையை ருசி பார்த்தே பிழைத்த மனுஷன். மண்சரிவில் குழாய் உடைந்து, எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியிலும் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. அந்தக் கிணறுதான் கதி.

"கொட்டகலைக்குப் போயி ஹமீத் நானா கடையில தண்ணி தெளியப் படிகாரம் வாங்கிட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரர் சோலைமலையிடம் முதல் நாளே சொன்னேன். அவரா போவார்? கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் அரை மூட்டை வீட்டில் மிஞ்சிக் கிடந்தது. அதை அப்படியே கிணற்றில் கவிழ்த்துவிட்டு வந்து நிற்கிறார்.

"மலை மண்ணோட புளிப்பையே முறிக்குதுடி. இந்தக் கலங்கல் எம்மாத்திரம்?"

காலையில் எட்டிப் பார்த்தேன். கிணறு முழுக்க அரிசி கழுவின தண்ணீர்!

"அடப் பாவி மனுஷா! இருபது வருஷம் கங்காணி வேல பாத்த மூளையா இது?"

அவர்கள் வருவது பதினொரு மணிக்கு. அதற்குள் இறைத்து, தூர்வாரி, புது ஊற்று ஊற வேண்டும். கிணறு இரண்டு ஆள் ஆழம்தான். அவரை உள்ளே இறக்கினேன். அவர் சேற்றை அள்ள, நான் இழுத்துக் கொட்ட, ஒன்பதரை ஆகிவிட்டது.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. ஒன்றரை மணி நேரம் முந்தி! இவர்களுக்கு நல்ல நேரம் பார்த்துக் கொடுத்த புண்ணியவான் யாரோ, அவன் நாசமாய்ப் போக. சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"வாங்க, வாங்க. அவரு டவுனுக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

சொல்லி வாய் மூடவில்லை. பின்பக்கமிருந்து முழக்கம் வந்தது.

"அடியே வடிவு! வாளிய இழுடி! எங்கடி போய்த் தொலஞ்ச?"

கிணற்றில் குதித்துச் சாகலாம் போலிருந்தது. அங்கேயும் அந்த மனுஷன்தானே நிற்கிறார்!

சின்னராசா நேரே பின்பக்கம் போனார். கிணற்றை எட்டிப் பார்த்தார். வெறும் மூட்டையைக் காலால் புரட்டினார்.

"டொலமைட்டா?"

"ஆமாங்க" என்றது கிணறு.

"எவ்வளவு போட்டீங்க?"

"அர மூட்டைங்க."

"நான் எங்க கெணத்துல ஒரு மூட்ட போட்டேன். போன வருஷம். எங்க வீட்டம்மா ரெண்டு மாசம் எங்கூடப் பேசல."

"இன்னும் முழுசாப் பேசல" என்றார் பின்னால் நின்ற அவர் மனைவி.

சின்னராசா சட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். நான் "அய்யோ, வேணாங்க!" என்று அலறினேன். "ஒத்த ஆளா அடிச் சேத்த வார முடியாதும்மா" என்று வேட்டியை மடித்துக் கட்டி இறங்கியே விட்டார்.

மாப்பிள்ளை திலக்ஷன் கயிற்றைப் பிடித்தான். புதுச் சேலையோடு பிரியந்தி வாளியை வாங்கிக் கொட்டினாள். இருவரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. முன்னே வந்தவர்களும் சிரித்துத்தான் பேசினார்கள். இங்கே கொடுக்க ஒரு வாய் தேத்தண்ணிகூட இல்லை. "சொல்லி அனுப்புறோம்" எப்போது வருமோ என்று நின்றேன்.

கிணற்றுக்குள் யாரோ வழுக்கிய சத்தம் கேட்டது. அடுத்து சின்னராசாவின் குரல்.

"சம்பந்தி, கால எடுங்க! நீங்க மிதிக்கிறது என் காலு!"

"சம்பந்தியா? என்னையா சொல்றீங்க?"

"இந்தக் கெணத்துக்குள்ள வேற யாருங்க இருக்கா?"

நான் கிணற்றடிச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.