இன்னொரு தடவை அளவு

வெள்ளிக்கிழமை மகளிர் ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். முறை டெய்லரக்காவிடம் வந்ததும் வட்டம் அங்கேயே நின்றுபோகும். தொண்டையைச் செருமுவாள். "அன்புள்ள ஆண்டவரே" என்பாள். அதோடு சரி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவள் முழங்கையை ஒரு தட்டுத் தட்டி, தானே பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்ப்பாள். கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் ஓயாத பொம்பளை அவள். ஆண்டவர் முன்னால் மட்டும் அப்படி என்ன வந்து தொலைக்குமோ, அவளுக்கே தெரியாது.

"ஆண்டவர் ஆளுக்கொரு தாலந்து, ஒரு திறமை குடுத்திருக்காரு, அதை வெச்சு ஊழியம் செய்யுங்க" என்று போதகரம்மா அடிக்கடி சொல்வார். டெய்லரக்கா வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் புலம்புவாள்.

"எனக்குக் கிழிஞ்சதை ஒட்டுப்போடத் தெரியும். பட்டனுக்குக் காஜா எடுக்கத் தெரியும். இதையா கேட்டாரு?"

அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். "உன்னை வெச்சு என்ன பண்றதுன்னு அவரே யோசிச்சுக்கிட்டு இருப்பாரு. பாவம், டைம் குடு" என்பார்.

அதனால்தான் பாடகர் குழுவுக்குப் புது அங்கி தைக்கணும் என்று பேச்சு வந்ததும், கூலி வேண்டாம், நானே தைக்கிறேன் என்று முந்திக்கொண்டாள். ஜெபிக்கத்தான் வரவில்லை, தைக்கவாவது செய்யலாமே என்ற நினைப்பு.

கடை சின்னது. முன்னால் மெஷின், நடுவில் வெட்டுகிற மேசை, அதன் பக்கத்தில் ஆண்கள் உட்கார ஒரு ஸ்டூல். பின்னால் தடித்த பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, ஓர் ஆள் நின்று கையை விரிக்கிற இடம், அவ்வளவுதான். அங்கே ஒரு கதவும் உண்டு, பின்சந்தில் திறக்கும். வருஷக்கணக்காகத் துணி மூட்டை அடுக்கி அது இருப்பதே மறந்துபோயிருந்தது. திரையைத் தாண்டி ஆண்கள் வரக்கூடாது என்பது கடை திறந்த நாளிலிருந்து இருக்கிற சட்டம். அவள் புருஷனே வெளியில் நின்று இருமிவிட்டுத்தான் குரல் கொடுப்பார்.

பாடகர் குழுவில் எல்லாரும் வந்து அளவு கொடுத்தார்கள். கடைசியாகப் பாட்டுக்காரி வந்தாள். குழுவிலேயே உச்சத்தில் பாடுகிறவள் என்பதால் சபைக்கு அவள் பாட்டுக்காரிதான். கூடவே அவள் புருஷனும் வந்தார். சபைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற கனத்த குரல், பளபளக்கிற பூட்ஸ், யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. பெண்டாட்டியை எங்கேயும் தனியாக அனுப்பமாட்டார். அப்படி ஒரு பாசம் என்று பெண்கள் பெருமூச்சு விடுவார்கள்.

திரைக்குள்ளே டெய்லரக்கா மேல்கையில் டேப்பைச் சுற்றியதும் அவள் வெடுக்கென்று உடம்பைச் சுருக்கினாள். சட்டைக் கையை மெதுவாக ஏற்றிப் பார்த்தால், கன்றிப்போன தடம்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா" என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே.

எந்தக் கதவுக்கு அஞ்சு விரல் இருக்கிறது? டெய்லரக்கா வாயை மூடிக்கொண்டு அளவெடுத்தாள். ஆனால் ராத்திரி சோறு இறங்கவில்லை. தன்னால் ஜெபிக்க முடியாது, ஜெபிக்கத் தெரிந்தவரிடமாவது சொல்வோம் என்று மறுநாள் போதகரம்மாவிடம் போய் ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

போதகரம்மா நல்லவர். அதில் சந்தேகமே வேண்டாம். நல்லவர் என்பதால்தான் வெள்ளிக்கிழமை கண்ணீர் விட்டு ஜெபித்தார்: "ஆண்டவரே, பாடகர் குழுவிலே, வீட்டிலே அடி வாங்கித் தவிக்கிற ஒரு சகோதரிக்காக மன்றாடுறோம்." பேரைச் சொல்லவில்லையாம், அதுதான் பெரிய உபகாரம். சபையில் ஒரு ஜெபக் குறிப்பு நடக்கிற வேகத்துக்குத் தந்தி தோற்றுப்போகும். பெண்கள் புருஷன்மாரிடம் சொன்னார்கள், "நீங்களும் ஜெபிச்சுக்கோங்க" என்று. அந்தப் புருஷன்மாரில் ஒருவர் செயலாளரிடமே சொல்லி, அவரையும் ஜெபிக்கச் சொன்னார்.

அந்த ஞாயிறு செயலாளர் எப்போதும்போல வாசித்தார். ஒரு சொல் இடறவில்லை. பாட்டுக்காரி வரிசையில் நின்றாள், ஆனால் பாடவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தாள்.

அடுத்த தடவை திரைக்குள் வந்தபோது அந்தத் துணியை அவிழ்க்காமலே சொன்னாள், "காலரை இன்னும் கொஞ்சம் உயர்த்தித் தைச்சிடுங்கக்கா." குரல் உடைந்து கரகரவென்று வந்தது. தான் போட்ட தையல் இது என்று டெய்லரக்காவுக்குப் பட்டது.

"நான்தாம்மா சொன்னேன்" என்றாள், காதோடு.

"தெரியும்க்கா. இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

டேப்பை இடுப்பில் சுற்றினாள். சுற்றியவள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. முதலில் எடுத்த அளவைவிட ஓர் அங்குலம் கூடியிருந்தது.

"அவருக்குத் தெரியாது" என்றாள் பாட்டுக்காரி. "தெரிஞ்சா இதையும் விடமாட்டாரு."

"இதையும்னா?"

"போன தடவை படியில விழுந்துட்டேன்னு சொன்னோம்ல."

டெய்லரக்காவுக்கு ஞாபகம் இருந்தது. சபையே அந்த வீட்டுக்குப் போய், கரு கலைந்து கிடந்தவளின் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்ததே. செயலாளர் எல்லாருக்கும் தன் கையாலேயே காபி கொடுத்தாரே. இவளும் அந்தக் காபியைக் குடித்துவிட்டு, ஒரு ஆமென் முணுமுணுத்துவிட்டு வந்தவள்தான். இனி அவனுக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது.

பாட்டுக்காரிக்கு வெளியூரில் ஓர் அக்கா இருக்கிறாள், கார் ஓட்டுவாள், எப்போது கூப்பிட்டாலும் வருவாள். ஆனால் கூப்பிடப் போன் வேண்டுமே, அது அவன் சட்டைப்பையில். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பாட்டுப் பயிற்சி எங்கேயும் கூடவே வந்து உட்காருவான். அன்று சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டு டெய்லரக்கா அந்தப் பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் அவன் நுழையாத இடம் இந்தத் துண்டு மூலை ஒன்றுதான். அது தன் கையில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து தப்புத் தப்பாகத் தைக்க ஆரம்பித்தாள்.

சொல்வதற்குச் சுலபம். தைத்துத் தைத்துக் கையில் ஊறிப்போனவளுக்குத் தோளைக் கோணலாக வெட்டுவது பிள்ளையை அடிப்பது மாதிரி. ஆனாலும் வெட்டினாள். பாட்டுக்காரி அங்கியின் கை முறுக்கிக்கொண்டது, முதுகு புடைத்தது. மற்ற அங்கியெல்லாம் வார்த்த மாதிரி உட்கார, இது மட்டும் சரியாகவே இல்லை.

"இன்னொரு தடவை அளவு பார்க்கணும் சார்" என்பாள், தலையைச் சொறிந்துகொண்டு.

"டெய்லரக்காவுக்குக் கண்ணு போச்சு" என்று சபையில் சிரித்தார்கள். "ஓசியில தைச்சா இப்படித்தான்" என்று குழுத் தலைவி காதுபடவே சொன்னாள். எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் திரைக்குள்ளே ஒரு காரியம் நடந்தது. ஒரு நாள் அக்காவின் போன் நம்பர், அங்கியின் உள்புறத்தில் சாக்பீஸால் எழுதப்பட்டது. ஒரு நாள் ஒரு மாற்றுடை, உடுத்தியதற்கு அடியில் உடுத்திவந்து மூட்டைக்குள் போனது. ஒரு நாள் அடையாள அட்டை.

அப்புறம் ஒரு நாள் அவன் தனியாக வந்தான்.

வந்து ஸ்டூலில் உட்காரவில்லை. மேசைமேல் இருந்த கத்திரிக்கோலை எடுத்தான். விரலை விட்டுத் திறந்தான், மூடினான்.

"நல்ல கூர்மை சிஸ்டர்."

"தொழில் சாமானாச்சே சார்."

"எல்லாருக்கும் கச்சிதமாத் தைக்கிறீங்க. என் மனைவிக்கு மட்டும் ஏன் கை தவறுது?"

அவள் பதில் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்தான். திரையைப் பார்த்தான், திரையின் அடியில் தெரிகிற தரையைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை புது அங்கி போட்டுப் பாடணும். நாளைக்கு ஒரு தடவை கூட்டிட்டு வர்றேன். அதோட முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் அவ பாடகர் குழுவுக்கே வரமாட்டா, வீட்ல வேலை நிறைய இருக்கு."

கத்திரிக்கோலை இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போனான். டெய்லரக்கா உடனே பாட்டுக்காரியின் அக்காவுக்குப் போன் போட்டாள். வீட்டில் புருஷனிடம், "பின்கதவு மூட்டையெல்லாம் நகர்த்தணும், கீலுக்கு எண்ணெய் போடணும், ஏன்னு கேக்காதீங்க" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் அவர் வேலைக்கும் போகவில்லை. கடை வாசலில் ஏணியைச் சாத்தி, நன்றாக எரிகிற போர்டு லைட்டை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

மத்தியானம் இருவரும் வந்தார்கள். அவன் ஸ்டூலைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். எட்டினால் திரையைத் தொடலாம். டெய்லரக்கா பாட்டுக்காரியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். கீல் முனகவில்லை. சந்தின் முனையில் ஒரு கார், அதில் பாட்டுக்காரியின் சாயலிலேயே ஒரு முகம்.

பாட்டுக்காரி நகரவில்லை. அவள் கண் திரையின் அடியில் தெரிந்த பூட்ஸ் முனையிலேயே இருந்தது.

"கையைத் தூக்கும்மா" என்று டெய்லரக்கா சத்தமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே மாற்றுடையும் அட்டையும் கட்டிய துணிமூட்டையை அவள் கையில் திணித்து, முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள். செருப்பில்லாமல் ஓடினாள் அவள். கதவை மூடி, அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள் டெய்லரக்கா. கார் கிளம்பி ஊரைத் தாண்ட வேண்டும். அதுவரைக்கும் பேச வேண்டும்.

பதில் வராதது அவனுக்குச் சந்தேகமாக இருக்காது. அவன் எதிரே பாட்டுக்காரி வாய் திறந்து பேசியதே கிடையாது. அவன் பழக்கிய பழக்கம் அது.

"நேரா நில்லும்மா. தோளைத் தொங்கப்போடாதே. ஆங், அப்படித்தான். இந்தக் கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு, பிரிச்சு விட்டுடலாம். பிரிச்சிட்டாச் சரியாப் போயிடும்."

வெளியே கத்திரிக்கோல் சத்தம். திறந்து மூடுகிற சத்தம். மேசையிலிருந்து எப்போது எடுத்தானோ.

"மூச்சை அடக்காதே, நல்லா விடு. பயப்படாதே, ஊசி குத்தாது, நான் இருக்கேன்ல. இடுப்புல இடம் விட்டிருக்கேன். வளர்றதுக்கு இடம் வேணும். இனிமே உனக்கு எதுவும் இறுக்கமா இருக்கக் கூடாது."

"முடிஞ்சுதா சிஸ்டர்?"

"இதோ சார், கழுத்து மட்டும் பாக்கி." கொக்கியில் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாக் கோணலையும் பிரித்துத் திரும்பத் தைத்தது. காலரைத் தாழ்த்தி, கழுத்துத் தெரிகிற மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கழுத்தை மூடவேண்டாம்மா. தலையை நிமித்து. கீழே பார்க்காதே. நேராப் பாரு. யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. போற வழிக்கெல்லாம் துணை இருக்கு. அந்தச் சின்னதுக்கும் துணை இருக்கு. ஒரு குறையும் வராது, ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க."

கத்திரிக்கோல் சத்தம் நின்றது.

பூட்ஸ் திரும்பித் திரையைப் பார்த்து நின்றது. டெய்லரக்கா நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. "நட, நட" என்றாள், "நல்லாத்தான் இருக்கு, நட."

கடை திறந்த நாளிலிருந்து எந்த ஆண்பிள்ளையும் தொடாத திரையை அவன் பிடித்து இழுத்தான். வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. அங்கி தொங்கியது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதில் சிரிப்பு இல்லை. கையில் கத்திரிக்கோல் இருந்தது. வாசலில் ஏணி முனகியது. புருஷன் ஒவ்வொரு படியாக இறங்குகிறார்.

அவன் அங்கியைப் பார்த்தான். அவள் முதுகுக்குப் பின்னால் கதவைப் பார்த்தான்.

"இவ்வளவு நேரம் யார்கிட்டடீ பேசிக்கிட்டிருந்தே?"

டெய்லரக்கா தொண்டையைச் செருமினாள், வெள்ளிக்கிழமை வட்டத்தில் செருமுவதுபோல. நாக்கு இந்தத் தடவை ஒட்டிக்கொள்ளவில்லை.

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றாள்.