நாற்காலி வைத்த இடங்கள்

2011 பிப்ரவரி 2, சிகாகோ. விடிந்தபோது நகரத்தில் இருபது அங்குலத்துக்கும் மேல் பனி கிடந்தது.

1

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு குற்றமும் அதில் ஒரு புள்ளி. கைப்பேசிப் பறிப்பு ரயில் நிலையப் படிகளைச் சுற்றி மொய்க்கும்; அடிதடி கோடை மாலைகளில் பெருகும். அந்தப் பனிக்குப் பிறகோ, சாதுவான ஒரு தெருவில் கார் டயர்கள் வரிசையாகச் செத்தன.

‘இருளில் ஒரு கும்பல்...’ என்று தொடங்கினேன். [அடித்துவிட்டேன். கும்பலை யாரும் பார்க்கவில்லை.]

2

யோலாண்டா காவல் துறையில் புள்ளிகளைப் படிப்பவள். எந்தத் தெருவுக்கு ரோந்து போக வேண்டும் என்று அவள் எழுதுவாள்.

“கும்பல்னு போட்டுடு. நாலு பசங்களப் பிடிச்சு விசாரிச்சா தெரிஞ்சிடும்” என்றார் மேலதிகாரி கிளெமன்ட்.

அது கும்பல் இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. பனியை வெட்டிக் கார் நிறுத்த இடம் பிடித்தவர், காரை எடுத்துப் போகும்போது அங்கே ஒரு நாற்காலி போடுவார். அதை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்துபவர் அதற்கான தண்டனையை அனுபவிப்பார். புள்ளிகள் நாற்காலிகளின் மேல்தான் விழுந்திருந்தன. ஒன்று, அவள் தம்பி ரொகேலியோவின் நீல நாற்காலியின் மேல். அவன் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தான். இன்னொரு வழக்கு வந்தால் மறுபடி சிறை.

3

“நீதானேடா?”

“முதுகு ஒடிய வெட்டினேன்கா. நாற்காலியத் தூக்கிப் பனிமேட்டுல எறிஞ்சிட்டு நிறுத்தியிருக்கான்.”

“அதுக்கு டயரக் கிழிப்பியா?”

“கிழிக்கல. காத்தத்தான் பிடுங்கினேன்.”

“காத்துக்கும் எங்க ஆபீஸ்ல ஒரு குற்றப் பிரிவு இருக்குடா.”

“மத்த டயரெல்லாம் நான் இல்ல. எதிர்வீட்டு மார்கரெட் ஒண்ணு. சர்ச்சுல பாடுற கிழவர் ஒண்ணு.”

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி யோசித்தேன். ஒரே மாதிரிக் குற்றங்கள் என்றால் ஒரே கையைத் தேடுகிறோம். இங்கே தெருவே கை.)

4

முதல் முடிவு: ‘கும்பல்’ என்று எழுதுகிறாள். தம்பி தப்பிக்கிறான், பள்ளிவிட்டு வரும் பையன்கள் சுவரோரம் நிறுத்தப்படுகிறார்கள். இதை எழுதிப் பார்த்தேன். யோலாண்டா ஒத்துழைக்கவில்லை.

இரண்டாவது முடிவில் அவள் உண்மையை எழுதுகிறாள். ‘நாற்காலித் தகராறு. உரிமையாளர்களை விசாரிக்கலாம்.’ இதைத்தான் வைத்திருக்கிறேன். ரோந்து கிளம்புமுன் அவள் தம்பிக்குப் போன் செய்தாளா என்று

[வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அது உங்களிடம்.]

5

வெள்ளிக்கிழமை மதியம் காவலர்கள் வந்தார்கள். தெருவில் ஒரு நாற்காலிகூட இல்லை. மார்கரெட் எதையும் பார்க்கவில்லையாம். காற்றுப் போன காரின் சொந்தக்காரரும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். யாரும் கைதாகவில்லை.

ரொகேலியோ வெட்டி வைத்திருந்த இடத்தில் மாலை வரை காவல் வண்டி நின்றது.