விடுதிக்குப் புகை போட்ட நாள்

மருந்துக்காரர் ஜன்னல் இடுக்குகளில் பழுப்பு நாடாவை ஒட்டிக்கொண்டே வந்தார். அவர் ஒவ்வொரு அறையாக அடைக்க அடைக்க, விடுதிப் பெண்கள் பையும் கையுமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மெத்தைகளை நிமிர்த்தி நிறுத்தியாயிற்று. அலமாரிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. துணிமணிக்குள்ளும் புகை போக வேண்டும், கொதிநீரில் துவைத்த ஒரு மாற்றுத்துணியைத் தவிர எதையும் எடுக்காதீர்கள் என்று நேற்றே சொல்லிவிட்டார். வாடகை கொடுக்காமல் மாதக்கணக்காகக் குடியிருந்த மூட்டைப்பூச்சி வெயிலுக்கும் அசையவில்லை, மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. கடைசியில்தான் வார்டனுக்கு மனம் வந்து ஆளைக் கூப்பிட்டாள்.

"ஒரு ஈ காக்கா உள்ள இருக்கக்கூடாதும்மா. இந்தப் புகை பூச்சியா மனுஷனான்னு ஆள் பாக்காது. நாளன்னைக்குக் காலைல நான் வந்து திறந்து, காத்தாட விட்டு, விஷக்காத்து மிச்சமிருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாத்துச் சொன்னப்புறம்தான் நீங்க காலெடுத்து வைக்கணும்" என்றார் மருந்துக்காரர்.

கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பதால் விடுதியில் எல்லாருக்கும் கண்ணாடிக்கடை அக்காவாகிவிட்டவளுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் யாருக்கும் தெரியாமல் அறை சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்களிடம் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து வார்டன், போன வாரம் வந்து சேர்ந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வந்த இரண்டாம் நாளே வாயாடி என்று பெயர் வாங்கியவள் அவள்.

"இவளுக்கு ரயில்ல இடம் கிடைக்கலையாம். நீதான் அண்ணன் வீட்டுக்குப் போறியே, கூடக் கூட்டிட்டுப் போ. தங்கமான அண்ணி, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தங்கமான அண்ணியை உருவாக்கியவளே கண்ணாடிக்கடை அக்காதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் வீட்டுக்கென்று கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்திருப்பாள். வரும்போது பேக்கரியில் பிஸ்கட் வாங்கி, டப்பாவில் மாற்றி, "அண்ணி செஞ்சு குடுத்தாங்க" என்று எல்லாருக்கும் கொடுப்பாள். அண்ணன் இருந்தது உண்மை. அண்ணி இருந்ததும் உண்மை. அண்ணன் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணைக் காட்டி, சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில், "இவ இருக்கிற வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்" என்று இவள் சொன்னாள். "மிதிக்காதே" என்று அண்ணன் சொன்னான். விழுந்த சொல்லை யார் அள்ளுவது? நாலு வருடம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிறு அந்தத் தெருமுனை வரைக்கும் போய்விட்டு, அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று திரும்பியும் வந்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் யாருமற்றவள் என்று விடுதி முழுக்க இவளைப் பார்த்து உச்சுக்கொட்டும். அதைவிட அண்ணி கதவை முகத்தில் சாத்துவதே மேல் என்று அந்த நேரத்தில் பட்டது. பஸ்ஸில் வாயாடி மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். இவளோ, வீடு பூட்டியிருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

வீடு பூட்டியில்லை. அழைப்புமணிக்கு ஈரக்கையோடு வந்து கதவைத் திறந்தவள் அண்ணிதான். இளைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் கை கதவிலேயே நின்றுவிட்டது. பேசாமல் இருக்கத் தெரியாதவள் ஒருத்தி கூட இருந்தாளே, அவள் ஆரம்பித்தாள்.

"அண்ணி! நீங்க குடுத்தனுப்புற பிஸ்கட்டை நாங்கதான் தின்னு தீக்கறோம். அக்கா வாயத் திறந்தா உங்க பெருமைதான். விடுதில மூட்டைப்பூச்சிக்குப் புகை போடறாங்க, ரெண்டு ராத்திரி எங்களுக்கு இடம் குடுப்பீங்களா?"

கண்ணாடிக்கடை அக்காவால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை. அண்ணி இவளையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

"போன வாரம் அடுப்புல விட்டுட்டேன், கொஞ்சம் கருகிப்போச்சு. சாப்பிட முடிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

"கருகினதே தெரியல!" என்றாள் வாயாடி.

"மூட்டைப்பூச்சின்னா பை வெளியிலயே இருக்கட்டும். போட்டிருக்கிற துணியையும் வாளியில போட்டுட்டுக் குளிங்க. மாத்திக்க நான் தரேன்." இவள் பக்கம் திரும்பினாள். "முதல்ல நீ போ."

"அண்ணி…"

"வெந்நீர் ஆறுது. போ."

குளியலறையில் இவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நல்ல சத்தமாகவே அழுதாள். கதவிடுக்கு வழியாக ஒரு கை அண்ணியின் பச்சை நைட்டியை நீட்டியது. நாளாவட்டத்தில் வெளுத்துப்போன, வீட்டில் தினமும் போடுகிற நைட்டி. அளவு சரியாக இருந்தது.

அடுத்து வாயாடி குளிக்கப் போனாள், அங்கேயும் பேச்சு ஓயவில்லை. அண்ணி பின்கட்டில் வாளித் துணிமேல் கொதிநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் இவள் சமையலறைக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி உதறும் சத்தம் கேட்டது. இடது காலை முதலில், பிறகு வலது காலை. சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான்.

"யார் பை அது, வாசல்லயே கிடக்கு?" கூடத்தைத் தாண்டிக் குரல் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டது. பின்னால் நிற்பது தெரிந்தது. பச்சை நைட்டியும் ஈரக்கூந்தலும் மட்டும்தான் அண்ணன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். "வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு டம்ளர் தண்ணி குடு, தாயே."

குழாயடியில் நீட்டிய டம்ளர் நிரம்பி, தண்ணீர் வழிந்து, முழங்கை வரைக்கும் ஓடியது. இவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.