பத்துக்குப் பத்து

மலையேற்றப் போட்டிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மிலேனாவின் சைக்கிள் செயின் அறுந்தது. முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவளின் கால் சட்டென்று வெறுமையில் இறங்கியது. தொல்மின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை முடித்துக் குளிர்காலம் பூராவும் மிதித்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். வருஷா வருஷம் முதலில் வருவது நாத்தனார் தாரிங்கா. இந்தத் தடவை அவளைப் பிடித்துவிடலாம் என்று மிலேனாவின் கால்களுக்கே தெரிந்திருந்தது.

கணவன் லியூபோ தன் பழைய சைக்கிளுக்கு வாங்கி வைத்திருந்த புதுச் செயினை மாட்டினான். கரகரவென்று அரைத்தது.

"இது எட்டுப் பல்சக்கரத்துக்கு உள்ளது. உன்னோட பின்சக்கர அடுக்குல பத்து இருக்கு. நெருக்கம். பக்கத்துல இடிக்குது."

"கடை?"

"ஞாயித்துக்கிழமை எவன் திறப்பான்?"

அப்போதுதான் தாரிங்கா சைக்கிளோடு வாசலில் வந்து நின்றாள். அறுந்து கிடந்த செயினைப் பார்த்தாள், வந்த வழியே திரும்பிப் போனாள். ஊருக்கே சொல்லப் போகிறாள் என்று மிலேனா பல்லைக் கடித்தாள். போனவள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

"பத்துக்கு உள்ளதுதான் அண்ணி. எனக்குன்னு வச்சிருந்தேன்."

"எதுக்குடி குடுக்கற?"

"நீ வராம நான் ஜெயிச்சா, செயின் அறுந்துபோச்சு, இல்லைன்னா பாத்திருக்கலாம்னு காலம் பூரா பேசுவ. யாரு கேக்குறது அதை."

பழையதைப் பக்கத்தில் நீட்டிப் போட்டு, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி லியூபோ மாட்டினான். அரைப்புச் சத்தம் இல்லை. மிலேனா ஏறி அழுத்தினாள். செயின் பல்லிலிருந்து துள்ளித் துள்ளி வழுக்கியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தாரிங்கா குனிந்து பார்த்தாள். "சின்னப் பல்சக்கரமெல்லாம் பழைய செயினோட சேர்ந்து தேஞ்சிருக்கு, புதுசு உக்காராது. பெரிய ரெண்டும் புத்தம் புதுசா இருக்கே. மலையில அதுக்கு மாத்தவே மாட்டியா?"

"அது கிழவிங்க கியர்னு நீதானே சொன்ன?"

தாரிங்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீ ஜெயிச்சிடக் கூடாதுன்னு சொன்னேன் அண்ணி. நான் அதுலதான் ஏறுறேன்."

அத்தனை வருஷமும் கனத்த கியரில் முழங்கால் நோக நோக ஏறியது மிலேனாவுக்கு நினைவு வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். நேரமில்லை.

போட்டி தொடங்கிய சமதளத்தில் அவளுக்குப் பலிக்கவில்லை. அழுத்தினால் வழுக்கியது, கூட்டம் முழுக்கக் கடந்து போனது. ஏற்றம் தொடங்கியதும் பெரிய பல்லுக்கு மாற்றினாள். செயின் கச்சிதமாக உட்கார்ந்தது. கால்கள் இறகு மாதிரி சுழன்றன. இவ்வளவு லேசா இது? ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். பீச் மரக் காட்டுக்குள் தாரிங்காவின் சிவப்புச் சட்டை தெரிந்தது, நெருங்கியது, பக்கத்தில் வந்தது.

"பாவி," என்றாள் மிலேனா, மூச்சு வாங்க.

"வாயை மூடிட்டு மிதி," என்றாள் தாரிங்கா.

வளைவு திரும்பியபோது தாரிங்கா பின்னால் போயிருந்தாள். மிலேனாவின் முன்னால் முதல் தடவையாக யாருமே இல்லை. ஈரச் சாலை மேகத்துக்குள் ஏறிப் போனது. அதன் நடுவில் ஒரு பசு படுத்துக்கொண்டு, அவள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தது.